இருபது முழக் கைப்பிடி

திரை இருட்டாகவே கிடந்தது. கடிகாரச் சத்தம் மட்டும் கேட்டது. படம் தொடங்கிவிட்டது என்று யாருக்கும் தெரியவில்லை. ஆண்கள் பக்கத்து மணலில் உட்கார்ந்திருந்தவர்கள் விசிலடித்தார்கள். "கபீரு, மெசினுக்குத் தூக்கம் வந்துட்டாடா?" என்று ஒருவன் கத்தினான். கூரைக் கீற்றின் ஓட்டைகள் வழியே மூன்று மணி வெயில் புள்ளி புள்ளியாய் உள்ளே விழுந்துகொண்டிருந்தது. நான் திரைக்கு இடப்பக்கம், வாயில் வைத்துப் பேசும் தகரக் குழாயோடு, ஜனங்களைப் பார்த்தபடி நின்றிருந்தேன். அது பிரெஞ்சுப் படம். ஒரு வார்த்தை யாருக்கும் புரியாது. புரிய வைப்பதுதான் என் வேலை.

வாரத்தில் ஆறு நாள் ரயிலடிக் கிட்டங்கியில் நெல் மூட்டை தூக்குவேன். முதுகில் மூட்டை ஏறும்போது நான் போடும் சத்தம் இரண்டு தெரு தாண்டிக் கேட்கும் என்பார்கள். அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் கொட்டகை முதலாளி சேக் அலாவுதீன் பாய் என்னைக் கூப்பிட்டனுப்பினார். "பாசை தெரியாத படத்துக்கு ஒரு தொண்டை வேணும்யா. ஒன் தொண்டை போதும்," என்றார். பிரெஞ்சுக்காரர்களின் நகரசபையான மேரி ஆபீசில் எழுத்தராக இருந்த தெட்சிணாமூர்த்தி, படப்பெட்டியோடு வரும் பிரெஞ்சுத் தாளைப் படித்துக் கதையைத் தமிழில் எழுதித் தருவார். மூட்டை மேல் குத்தியிருக்கும் எழுத்துகளைக் காட்டி அவரிவரிடம் கேட்டுக் கேட்டு, முப்பத்தாறு வயதில் படிக்கக் கற்றவன் நான். அவர் எழுதித் தருவதை மூன்று நாள் வாய்க்குள் முனகி மனப்பாடம் செய்துகொள்வேன். இதற்கு முன் நாலு படம் சொல்லியிருந்தேன். எல்லாம் குதிரைப் படம், கத்திச் சண்டைப் படம். அவற்றில் ஒரு தொல்லையும் இல்லை. நல்லவன் வரும்போது ஒரு மேளம், கெட்டவன் வரும்போது வேறொரு மேளம். மேளத்துக்குத் தகுந்தாற்போல் நானும் குரலை மாற்றிக்கொள்வேன். இடுப்புயர மண்சுவருக்கு அந்தப் பக்கம் பெண்கள், இந்தப் பக்கம் ஆண்கள். நானூறு பேர் என் வாயைப் பார்த்து உட்கார்ந்திருப்பார்கள். கிட்டங்கியில் என் முதுகை மட்டும்தான் பார்ப்பார்கள்.

அன்றைக்கு அந்த நானூறில் இரண்டு பேர் என் வீட்டுக்காரர்கள். பெண்கள் பக்கம் மூன்றாவது வரிசையில், சுவரை ஒட்டி, என் மனைவி பூவாயியும் மகள் அன்னபூரணியும் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் கொட்டகைக்கு வருவது அதுதான் முதல் தடவை. நான்தான் பிடிவாதமாக வரச் சொன்னேன். அதற்குக் காரணம் இருந்தது. போன வாரம் சோறு போடும்போது பூவாயி ஒரு பேச்சைப் போட்டாள். அன்னபூரணியைத் திருநள்ளாற்றில் தன் தம்பி வீட்டில் கொண்டுபோய் விடப்போகிறாளாம். தம்பி அங்கே கோயில் பக்கம் தேங்காய்க் கடை வைத்திருந்தான்.

"எத்தினி நாளைக்கு?" என்று கேட்டேன்.

"அங்கயே இருக்கட்டும்."

"எதுக்கு?"

அவள் குழம்புச் சட்டியை வழித்தபடி, "பொதங்கெழம போறோம்," என்று மட்டும் சொன்னாள். பன்னிரண்டு வயதுப் பெண், எனக்கு ஒரே பிள்ளை. தேங்காய் உரிக்கிற வீட்டில் அவளுக்கு என்ன வேலை? நான் மூட்டைக்காரன் என்பதால் அவர்களுக்கு என்மேல் மதிப்பில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன். ஒரு தடவை கொட்டகையில் வந்து பார்க்கட்டும், ஊரே என் பேச்சைக் கேட்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் அந்தப் பிள்ளைக்கு என்னை விட்டுப் போக மனசு வராது என்று கணக்குப் போட்டேன். அந்த ஒரு நினைப்போடுதான் குழாயைப் பிடித்திருந்தேன்.

தெட்சிணாமூர்த்தி அந்த முதல் ரீலுக்கு எழுதித் தந்தது மூன்றே வரி. 'ஒரு மாலைப் பொழுது. மனைவியும் மகளும் வீட்டில் இருக்கிறார்கள். கணவன் வீடு திரும்புகிறான்.' அவ்வளவுதான். "பத்து நிமிசத்துக்கு இது எப்புடிங்க காணும்?" என்று கேட்டதற்கு, "பேச்சே இல்லியாம்யா அதுல. பயங்கரப் படம்னு போட்டிருக்கு. பயங்கரம் ரெண்டாவது ரீல்ல வரும் போலருக்கு. அதுவரைக்கும் நீயே இட்டு நெரப்பிக்க," என்றார்.

இருட்டு விலகியது. திரை முழுக்க ஒரு பெண்ணின் கை. வேறொன்றும் இல்லை. கை மட்டும் கொட்டகைக் கதவளவு பெரிதாக. ரொட்டியைக் கத்தியால் அறுத்துக்கொண்டிருந்தது. கடிகாரம் ஒரு டக், கத்தி ஒரு வெட்டு. பிறகு சமையலறை வந்தது. அந்தப் பெண் வாய்க்குள் ஏதோ பாட்டை முணுமுணுத்தாள். தரையில் ஏழெட்டு வயதுப் பெண்பிள்ளை ஒன்று சாக்கட்டியால் கோடு கிழித்து விளையாடிக்கொண்டிருந்தது. நான் தொண்டையைச் செருமிக்கொண்டேன்.

"ஜனங்களே! நல்லாப் பாருங்க. அளவான குடும்பம், அழகான குடும்பம். அம்மா ரொட்டி அறுக்குறா. புள்ள வெளையாடுது. புருசன் வர்ற நேரம்!"

அந்தப் பெண்ணின் முணுமுணுப்பு சட்டென்று நின்றது. ஏன் நின்றது என்று தெரியவில்லை. எங்களுக்கு ஒரு சத்தமும் கேட்கவில்லை. அவள் கத்தியைத் தூக்கியபடியே இருந்தாள். கடிகாரம் நாலு தடவை டக்கென்றது. அதற்கப்புறம்தான் எங்கோ தொலைவில் காலடிச் சத்தம். ஈரக் கல் பாவிய தெருவில் இரண்டு பூட்சுக் கால்கள் வந்தன. கால்கள் மட்டும். மேலே யார் என்று காட்டவில்லை. இப்போது மேளம் வரும், அதை வைத்து ஆளைப் புரிந்துகொள்ளலாம் என்று காத்திருந்தேன். மேளம் வரவில்லை. படத்தில் எங்குமே மேளம் இல்லை. கடிகாரமும் பூட்சும்தான். எனக்கு வேறு வழியில்லாமல் போயிற்று. நானே முடிவு செய்தேன்.

"அதோ காலடி! யாரு? வீட்டுக்கு எசமான்! நாளெல்லாம் ஒழைச்சுக் களைச்சு வர்ற மனுசன். நம்மள மாரி!"

ஆண்கள் பக்கம் கை தட்டினார்கள். "போடு நீலமேகம்!" என்று கிட்டங்கி ஆள் ஒருவன் குரல் கொடுத்தான். எனக்கு உற்சாகம் ஏறிவிட்டது. திரையில் அந்தப் பெண் மேசைமேல் இருந்த கோப்பையை ஒரு விரல் தள்ளி வைத்தாள். பிறகு பழைய இடத்துக்கே நகர்த்தினாள். துடைத்த இடத்தையே துடைத்தாள். பிள்ளை சாக்கட்டிகளை ஒவ்வொன்றாக, ஒன்றோடொன்று மோதாமல், டப்பாவுக்குள் வைத்தது. கிழித்த கோட்டைத் தன் பாவாடையால் அழித்தது. பூட்சுகள் மாடிப்படி ஏறத் தொடங்கின.

"பாட்டு நின்னுட்டு பாத்தீங்களா? அதான் மரியாதை! புருசன் வர்ற சத்தம் கேட்டா பொண்டாட்டி பாட்ட நிறுத்துறா. புள்ள வெளையாட்ட நிறுத்துது. வெள்ளக்காரன் வீட்டுலயும் மரியாதை தெரிஞ்ச குடும்பம் இருக்கு, பாருங்க ஜனங்களே!"

பெண்கள் பக்கமிருந்து ஒரு குரல் எழுந்தது. முதலாளியின் அக்கா ஆஸியா பீவி. வெள்ளைத் துப்பட்டியைத் தலையில் இழுத்து விட்டுக்கொண்டு முதல் பெஞ்சியில் உட்கார்ந்திருப்பவர். "அட கூறுகெட்ட மனுசா! மரியாதையாமுல்ல! அந்தப் புள்ள கையப் பாருய்யா, கைய!"

நான் படத்தைப் பார்க்கவில்லை. கதை சொல்கிறவன் திரையை ஒட்டி நிற்கிறவன். அவனுக்குப் படம் கோணலாகத்தான் தெரியும், மூக்கு மட்டும் ஒரு முழம் நீண்டிருக்கும். எனக்கு நன்றாகத் தெரிவது ஜனங்களின் முகம்தான். திரையின் வெளிச்சம் நேராக அவர்கள்மேல் விழும். ஆஸியா பீவி திட்டியதும் பெண்கள் சிரிப்பார்கள், பூவாயிக்கு வெட்கமாக இருக்குமே என்று மூன்றாவது வரிசையைப் பார்த்தேன்.

யாரும் சிரிக்கவில்லை. அந்தப் பக்கம் முழுவதும் மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. பூவாயி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். முந்தானையை இழுத்து இடுப்பில் செருகினாள். செருகியதை எடுத்து மறுபடி செருகினாள். அன்னபூரணி, காலை நீட்டி உட்கார்ந்திருந்தவள், கால்களை மெதுவாக உள்ளே இழுத்துப் பாவாடையால் மூடிக்கொண்டாள். அவள் மடியில் வறுகடலைப் பொட்டலம் இருந்தது. அதைச் சத்தம் வராமல் மடித்து முதுகுக்குப் பின்னால் வைத்தாள். படத்துப் பூட்சு ஒவ்வொரு படியாக ஏற ஏற, என் வீட்டில் தினமும் நான் பார்க்கிற ஒழுங்கு அந்த இரண்டு உடம்பிலும் வந்து உட்கார்ந்தது. நான் உள்ளே நுழையும்போது அவர்கள் இப்படித்தான் இருப்பார்கள். நிமிர்ந்து, அடங்கி, எல்லாம் இருந்த இடத்தில் இருக்க. என் வீடு சுத்தமான வீடு என்று கிட்டங்கியில் நான் பெருமை பேசியிருக்கிறேன்.

காலடி நின்றது. நான் திரும்பிப் பார்த்தேன். திரை முழுக்க ஒரு கதவுக் கைப்பிடி. பித்தளைக் கைப்பிடி. சின்னப் பிள்ளை தரையிலிருந்து அண்ணாந்து பார்த்தால் எப்படித் தெரியுமோ அப்படி, உயரத்தில், ஆளை அமுக்குகிற மாதிரி. அது திரும்பவில்லை. வெளியே ஆள் நிற்கிறான் என்று தெரிகிறது, உள்ளே வரவில்லை. கடிகாரச் சத்தமும் இப்போது இல்லை. நானூறு பேரில் ஒருவர்கூடச் செருமவில்லை. நானும் குழாயை இறக்கிவிட்டேன். திரும்பித் தொலையேன், என்ன செய்யப்போகிறாயோ செய்து தொலையேன் என்றிருந்தது.

திரும்பியது. உடனே அந்தப் பெண்ணின் முகத்தைக் காட்டினார்கள். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். நல்ல சிரிப்பு. எனக்குப் பழக்கமான சிரிப்பு.

உள்ளே வந்தவனின் முதுகுதான் தெரிந்தது. தொப்பியை ஆணியில் மாட்டினான். பிள்ளைக்குப் பின்னால் வந்து நின்றான். இப்போது பிள்ளையின் பிடரி மட்டும் திரையில். மெல்லிய மயிர், எலும்பு. மேலேயிருந்து ஒரு கை இறங்கியது. இறங்க இறங்க அந்தப் பிள்ளையின் தோள் இரண்டும் காதுவரை ஏறின. கை தலையைத் தொட்டது. தடவியது. அன்பாகத்தான் தடவியது. பிறகு அவன் போய் மேசை முன்னால் உட்கார்ந்து சாப்பிடத் தொடங்கினான்.

முதல் ரீலில் அவ்வளவுதான் நடந்தது. அடி இல்லை, கத்திக்குத்து இல்லை, ஒரு ஏச்சுகூட இல்லை. அடி விழுந்திருந்தால் எல்லோரும் மூச்சு விட்டிருப்பார்கள்.

அந்தக் கை இறங்கியபோது மூன்றாவது வரிசையில் அன்னபூரணியின் தோள் இரண்டும் காதுவரை ஏறியதை நான் பார்த்தேன்.

நான் குடித்ததுண்டு. இந்த ஊரில் குடிக்காத மூட்டைக்காரனைக் காட்டச் சொல்லுங்கள். அந்த நாளில் கை நீட்டியதும் உண்டு. ஒரு சாயங்காலம், அன்னபூரணிக்கு அப்போது ஏழு வயது இருக்கும். பின்னால் வந்து தலையைத் தடவிக்கொடுத்தேன். சோறு குழைந்துபோயிருந்தது என்று அப்புறம்தான் பார்த்தேன். பூவாயி ஏதோ எதிர்ப்பேச்சு பேசினாள். தலையைத் தடவிய அதே கைதான். அம்மாவை அடிக்கப் போய்ப் பிள்ளைமேல் பட்டது, பிள்ளை சுவரில் போய் விழுந்தது. அதற்கடுத்த தையில் குடியை விட்டேன். அய்யனார் கோயிலில் கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் செய்தேன். நாலு வருஷமாக ஒரு சொட்டு தொட்டதில்லை, ஒரு கை ஓங்கியதில்லை. அது முடிந்துபோன சங்கதி என்று இருந்தேன். வீட்டில் சத்தமே இல்லாததைப் பார்த்து, பெண்டாட்டிக்கும் பிள்ளைக்கும் என்மேல் மரியாதை வந்துவிட்டது, திருந்தியதற்குப் பலன் கிடைத்தது என்று சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தேன்.

மீதிப் படத்தில் நான் என்ன சொன்னேன் என்று நினைவில்லை. மூன்றாவது ரீலில் யாரோ யாரையோ கொன்றார்கள். பெண்கள் அலறினார்கள். எனக்கு அது ஒன்றும் பெரிதாகத் தெரியவில்லை.

படம் விட்டதும் முதலாளி என்னிடம் வந்தார். ஏசப்போகிறார் என்று நினைத்தேன். அவர் வாயெல்லாம் பல்லாக இருந்தார். "என்னா நீலமேகம், பின்னாடியெல்லாம் முனகிக்கிட்டே கெடந்தே? போவட்டும், மொத ரீலு அள்ளிட்டய்யா! அவன நல்லவன், நல்லவன்னு நீ சொல்லச் சொல்லத்தான் பொம்பளைங்களுக்கு வயித்தக் கலக்கிட்டாம். எங்க அக்கா சொல்றா. எப்புடிய்யா ஒனக்கு இந்த ரோசனை வந்துச்சு? அடுத்த தடவையும் அப்புடியே சொல்லு. ஒரு வார்த்த மாத்தாத."

"சரிங்க மொதலாளி," என்றேன்.

ஜனங்கள் கலைந்தார்கள். பூவாயியும் அன்னபூரணியும் பெண்கள் வாசல் வழியே போவதைப் பார்த்தேன். கூடப் போக எனக்குத் தைரியம் வரவில்லை. மெசின் அறைக்கு ஏறினேன். கபீர் சுருளைத் திருப்பிச் சுற்றிக்கொண்டிருந்தான். இருபத்தைந்து வயதுக்காரன், ஒரு படத்தைப் பத்து தடவை பார்ப்பதால் யாருக்கும் தெரியாதது அவனுக்குத் தெரியும்.

"ஏன் தம்பி, அவன் மூஞ்சிய ஏன் கடைசிவரைக்கும் காட்டல?"

"காட்டினா மனுசனாப் பூடுவாண்ணே. பல்லு இருக்கும், மீசை இருக்கும், பாவமாக்கூட இருப்பான். காட்டாத வரைக்கும்தான் பயம்."

"அந்தப் பொம்பளை மொதல்ல நிறுத்துனாளே, நமக்கு ஒண்ணுமே கேக்கலியே?"

"அவளுக்குக் கேட்டுட்டு. தெனம் கேட்டுப் பழகுன காது. நமக்குக் கேக்குறதுக்கு முந்தியே அவளுக்குக் கேக்கும். அத வச்சேதான் ஆளப் புடிக்கிறான் படம் எடுத்தவன். இங்க வாங்க, ஒண்ணு காட்டுறேன்."

சுருளிலிருந்து ஒரு நீளம் உருவி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தான். கட்டை விரல் அளவுக் கட்டங்கள். எல்லாவற்றிலும் அந்தக் கைப்பிடி. ஒரு கட்டத்துக்கும் அடுத்ததுக்கும் இம்மிகூட வித்தியாசம் இல்லை. முழங்கையில் வைத்துப் பூ அளப்பது போல அளந்தான். ஒன்று, இரண்டு, மூன்று. அவன் அளந்துகொண்டே போனான்.

"இருவது மொழம்ணே. ஒரு மொழம் ஓடுறதுக்கு ஒரு நொடி. இருவது மொழத்துக்கும் வெறும் கைப்பிடி. ஒண்ணுமே நடக்கல. இதுல பாதிய வெட்டிட்டாக்க படமே செத்துப் பூடும்." என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தினான். "என்னாண்ணே, தண்ணி குடிக்கிறீங்களா?"

நான் என் வீட்டு வாசலை நினைத்துக்கொண்டிருந்தேன். தினமும் சாயங்காலம் தெருமுனையில் ஒரு தடவை காறித் துப்புவேன். நெல்லுத் தூசி தொண்டையில் அடைத்திருக்கும். பிறகு வாசல் குடத்தில் தண்ணீர் மொண்டு கால் கழுவுவேன். ஒரு கால், மறு கால், அப்புறம் முகம். தலைத்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டுதான் உள்ளே போவேன். அதற்கு எத்தனை முழம்? நூறு? இருநூறு? அவ்வளவு நேரமும் உள்ளே இரண்டு பேர் எதை எங்கே நகர்த்திக்கொண்டிருந்தார்கள்? நாலு வருஷத்துக்கு எத்தனை சாயங்காலம்?

"ஒண்ணுமில்ல தம்பி," என்று இறங்கினேன்.

வெளியே இன்னும் வெயில் இருந்தது. அரசலாற்றுப் பக்கம் போய்க் கொஞ்ச நேரம் நின்றேன். என்ன செய்வது என்று புரியவில்லை. பூவாயியைக் கூப்பிட்டு, இனிமேல் பயப்படாதே என்று சொல்லலாம். அவள் சரிங்க என்பாள். எதற்கும் சரிங்க என்பாள். அதைக் கேட்டுத்தானே நாலு வருஷம் சந்தோஷப்பட்டேன். பிள்ளையைப் போகாதே என்று சொல்லலாம். சொன்னால் போகமாட்டாள். ஏன் போகவில்லை என்று எனக்கு இப்போது தெரிந்துவிடுமே. போன வாரம் நான் எதுக்கு என்று கேட்டபோது பூவாயி ஏன் சட்டியையே வழித்துக்கொண்டிருந்தாள் என்பதும் தெரிந்துவிட்டது. பிள்ளை பெரியவளாகிக்கொண்டிருந்தாள். தான் வாங்கியதை அவள் வாங்கக் கூடாது என்று ஒரு தாய் முடிவு செய்திருந்தாள். என்னிடம் ஒரு வார்த்தை குறை சொல்லாமல்.

வீட்டுக்கு நடந்தேன். தெருமுனைக்கு வந்ததும் தொண்டையில் காறல் வந்தது. விழுங்கினேன். அடுத்த அடி எடுத்து வைக்க முடியவில்லை. எப்படி நடந்தால் அது என் நடை இல்லாமல் இருக்கும்? மெதுவாகப் போனால் பதுங்கிப் போவது போல இருக்கும். அது இன்னும் மோசம். வேகமாகப் போனால் கோபமாக வருகிறான் என்பார்கள். இத்தனை வருஷத்தில் ஒரு மனுஷன் தன் வீட்டுக்குள் எப்படிப் போவது என்று யோசித்தது அன்றைக்குத்தான். செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டேன். அதுவும் சரியில்லை என்று மறுபடி மாட்டிக்கொண்டேன். ஒருவழியாக வேலி ஓரமாகப் போய், படலுக்கு இந்தப் பக்கம் நின்றேன்.

உள்ளே சிரிப்புச் சத்தம் கேட்டது.

முதலில் வேறு வீடோ என்று நினைத்தேன். பூவாயி சிரித்துக்கொண்டிருந்தாள். நான் பார்த்துப் பழகிய சிரிப்பு இல்லை. மூச்சு வாங்க, இடையிடையே "போதும்டி, போதும்டி, வயிறு வலிக்குது" என்று கெஞ்சிக்கொண்டு, இளம்பெண் மாதிரி. அன்னபூரணி தொண்டையைக் கனமாக்கிக்கொண்டு தகரக் குழாய்க் குரலில் பேசினாள்.

"ஜனங்களே! நல்லாப் பாருங்க! வெள்ளக்காரன் வீட்டுலயும் மரியாதை தெரிஞ்ச குடும்பம்! புருசன் வந்தாக்க பூனை கூட மியாவ்வுங்காது ஜனங்களே!"

அந்தப் பூனை அவளே சேர்த்தது. அச்சு அசல் என் குரல். செருமல்கூட என்னுடையது. என் பிள்ளைக்கு இப்படியொரு வித்தை தெரியும் என்று எனக்குத் தெரியாது. அவள் கெட்டிக்காரி என்று தெரியாது. சிரிக்க வைப்பவள் என்று தெரியாது. இந்த வீட்டில் நான் இல்லாத நேரத்தில் ஒரு வீடு இருந்திருக்கிறது. நான் வேலிக் கொம்பைப் பிடித்துக்கொண்டு கேட்டேன். இருட்டுகிறவரை நின்று கேட்டிருப்பேன்.

"என்னாண்ணே, சொந்த வீட்டு வாசல்ல விருந்தாளி மாரி நிக்கிறீங்க?"

பக்கத்து வீட்டுச் செல்லம்மா. இடுப்பில் குடத்தோடு போய்க்கொண்டிருந்தாள். அவளுக்கு நல்ல கணீர்க் குரல்.

உள்ளே சிரிப்பு அறுந்தது. ஒரு பாத்திரம் நகரும் சத்தம் கேட்டது. அப்புறம் அதுவும் இல்லை.

நான் கால் கழுவவில்லை. படலைத் தள்ளிக்கொண்டு நேராக உள்ளே போனேன். எவ்வளவு சீக்கிரம் போகிறேனோ அவ்வளவு நல்லது என்று அப்போது தோன்றியது. அது தப்பு என்று அவர்கள் முகத்தைப் பார்த்ததும் தெரிந்தது. வழக்கத்தை மாற்றிவிட்டேன். கால் கழுவாமல் நான் உள்ளே வந்ததெல்லாம் குடித்த நாட்களில்தான். பூவாயி கையில் அகப்பையோடு அடுப்புப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். உலையில் அரிசி கொதித்துக்கொண்டிருந்தது. அன்னபூரணி சுவரோரம் எழுந்து நின்றாள். என் வேட்டி ஒன்றைத் தோளில் போட்டிருந்தாள், என்னைப்போல வேஷம் கட்டியிருந்தாள் போல. அதை மெல்ல இறக்கிப் பின்னால் மறைத்தாள்.

"வாங்கப்பா," என்றாள்.

"ஏன் நிறுத்திட்டே?" என்றேன். மெதுவாகத்தான் சொன்னேன். ஆனால் என் தொண்டை மெதுவாகப் பேசப் பழகியதில்லை.

அவள் அம்மாவைப் பார்த்தாள்.

"நான் வெளிலேருந்து கேட்டேன். நல்லாருந்துச்சு. நெசமாவே நல்லாருந்துச்சு தாயி. அந்தப் பூனை... அது நான் சொல்லவே இல்ல, நீயே போட்டது. இன்னொரு தடவை சொல்லிக் காட்டு. அதே கொரல்ல. அப்பா கேக்குறேன்."

சிரித்துக்கொண்டே சொன்னேன். என் முகத்தில் சிரிப்பு இருந்தது என்று எனக்குத் தெரியும். அவளுக்கு அது எப்படித் தெரிந்ததோ. அவள் உதடு அசைந்தது, 'ஜன' என்றது, அதற்குமேல் வரவில்லை. கண்ணில் நீர் கட்டியது. "இனிமே பண்ண மாட்டேம்பா," என்றாள்.

"அய்யோ, அதுக்கில்லம்மா," என்று ஓரடி முன்னால் வைத்தேன். கையையும் நீட்டினேன். அவள் கண்ணைத் துடைக்கத்தான் நீட்டினேன்.

பூவாயி எழுந்தாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் நான் பேசிக்கொண்டிருக்கும்போது அவள் எழுந்ததில்லை. நடந்து வந்து எனக்கும் பிள்ளைக்கும் நடுவில் நின்றாள். அகப்பை அவள் கையிலேயே இருந்தது; அதிலிருந்து கஞ்சி அவள் பாதத்தில் சொட்டிக்கொண்டிருந்தது. கொதிக்கிற கஞ்சி. அவள் காலை நகர்த்தவில்லை. முதல் தடவையாக என் கண்ணை நேராகப் பார்த்தாள். அவளுக்குப் பின்னாலிருந்து அன்னபூரணியின் ஐந்து விரல்கள் வந்து அவள் சேலையை இடுப்பருகே பற்றிக்கொண்டன.

நீட்டிய கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றேன். அடுப்பில் உலை பொங்கி மூடியைத் தள்ளிக்கொண்டு வழிந்தது. தணலில் விழுந்து சொய்யென்று புகைந்தது. எங்கள் மூன்று பேரில் ஒருவரும் அந்தப் பக்கம் திரும்பவில்லை.